வீட்டு நாஸ் தூங்கட்டும்... எழுப்ப ஓர் ஆள் இருக்கிறதா?

"டாக்டர் 2021-ல எடுத்த எக்கோ ரிப்போர்ட் இருக்கான்னு கேக்குறார்ப்பா..."

போனில் அப்பா. சென்னையில் ஒரு மருத்துவமனை, டாக்டர் அறைக்குள்ளிருந்தே பேசுகிறார். பக்கத்தில் அம்மா. கும்பகோணத்து வீடு பூட்டியிருக்கிறது. ரிப்போர்ட் இருக்கிறது, நான்தான் ஸ்கேன் செய்து வீட்டு நாஸில் போட்டு வைத்திருந்தேன். "ரெண்டு நிமிஷம்ப்பா, அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு ஆபீஸில் உட்கார்ந்தபடியே ஆப்பைத் திறந்தேன். சுற்றியது. சுற்றியது. 'இணைக்க முடியவில்லை' என்றது.

நாஸ் கெட்டுப்போகவில்லை. தூங்கிக்கொண்டிருந்தது. "20 நிமிஷம் யாரும் தொடலைன்னா தூங்கு" என்று அதற்குச் சொல்லிவைத்ததும் நான்தான். பட்டனை அமுக்கி எழுப்ப வீட்டில் ஆள் இல்லை. பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க அப்பா இன்னொரு நாள் அலைய வேண்டியதாயிற்று.

வெளியூரில் வேலை, ஊரில் வீடு, வீட்டில் ஒரு நாஸ். இப்படி இருக்கும் பலருக்கும் என்றாவது ஒருநாள் இது நடக்கும். அப்போது பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றை எடுக்கிறோம்: 'இனிமே தூங்கவே விடக் கூடாது' அல்லது 'ரூட்டர்ல ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டுடலாம்'. முதலாவது பாதி சரி. இரண்டாவது ஆபத்து. உண்மையான தீர்வு வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

நாஸ் என்றால் என்ன?

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். ஒன்றிரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து, அதை ரூட்டரோடு கேபிளில் இணைத்தால், வீட்டில் உள்ள எல்லா போன்களும் லேப்டாப்களும் அதைப் பொதுவான அலமாரி போலப் பயன்படுத்தலாம். அதுதான் நாஸ். உள்ளே சின்ன பிராசஸரும் ஆபரேட்டிங் சிஸ்டமும் உண்டு. அதாவது, அது ஒரு குட்டி கம்ப்யூட்டர்.

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-ம் தேதியோடு அளவில்லா இலவச சேமிப்பை நிறுத்தியபோது, "மாசாமாசம் வாடகை கட்டுறதுக்கு ஒரே தடவை சொந்தமா வாங்கிடலாமே" என்ற எண்ணம் பலருக்கு வந்தது. கல்யாண வீடியோ, குழந்தை போட்டோ, பத்திரம், மருத்துவ ரிப்போர்ட் எல்லாம் நம் வீட்டிலேயே, நம் கையிலேயே. நல்ல யோசனைதான். ஆனால் சொந்த வீடு வாங்கினால் வாட்ச்மேன் வேலையும் நம்முடையதுதான் என்பதைப் பெட்டியின் மேல் யாரும் அச்சடிப்பதில்லை.

தூக்கத்தில் இரண்டு வகை

'நாஸ் தூங்குது' என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

முதல் வகை, டிஸ்க் தூக்கம். உள்ளே நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றும் தட்டுகள் மட்டும் நின்றுவிடும். பெட்டியின் மூளை விழித்தே இருக்கும். நீங்கள் வெளியிலிருந்து கூப்பிட்டால் அதற்குக் கேட்கும். ஆனால் தட்டுகள் முழு வேகத்துக்கு வரப் பத்து விநாடி, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் போனில் உள்ள ஆப் பொறுமை இழந்து 'இணைக்க முடியவில்லை' என்று சொல்லிவிடும். உண்மையில், அரை நிமிடம் கழித்து இன்னொரு முறை முயன்றால் பெரும்பாலும் திறந்துவிடும்.

இரண்டாவது வகை, முழுத் தூக்கம். டிஸ்க், பிராசஸர், ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாமே அணைந்துவிடும். கேபிள் செருகியிருக்கும் நெட்வொர்க் சிப் மட்டும் அரைக்கண் திறந்து ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும். அந்தச் சொல் வராவிட்டால் எத்தனை முறை முயன்றாலும் திறக்காது. அன்று எங்கள் வீட்டு நாஸ் தூங்கியது இந்தத் தூக்கம்.

உங்கள் நாஸ் எந்தத் தூக்கம் தூங்குகிறது என்பதை செட்டிங்ஸில் 'பவர்' பகுதியில் பார்த்துவிடலாம். இது தெரியாமல் மேலே எதைச் செய்தாலும் இருட்டில் தேடுகிற கதைதான்.

102 பைட் மந்திரம்

முழுத் தூக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை எழுப்பும் அந்தச் சொல்லுக்கு 'மேஜிக் பாக்கெட்' என்று பெயர். 1990-களின் நடுவில் ஏஎம்டி நிறுவனம் முன்வைத்த தொழில்நுட்பம் இது. வேக்-ஆன்-லேன் என்ற பெயரில் இன்றும் அப்படியே புழக்கத்தில் இருக்கிறது.

மந்திரம் ரொம்ப எளிது. முதலில் எல்லா பிட்களும் ஒன்றாக இருக்கும் 6 பைட்கள். பிறகு எழுப்ப வேண்டிய கருவியின் மேக் முகவரி 16 முறை. மேக் முகவரி 6 பைட் என்பதால் மொத்தம் 102 பைட். பெயரைப் பதினாறு தடவை சொல்லிக் கூப்பிடுவது போலத்தான். தன் பெயரைக் கேட்டதும் நெட்வொர்க் சிப் மெயின் போர்டைத் தட்டி எழுப்பும்.

இதில் பாஸ்வேர்டு எதுவும் வேண்டியதில்லை. யார் கூப்பிட்டாலும் எழுந்துவிடும். வீட்டுக்குள் இருக்கும் வரை பிரச்சினையில்லை. ஏனென்றால், இது வீட்டுக்குள் மட்டும் கத்துவதற்காகவே உருவாக்கப்பட்டது.

வெளியூரிலிருந்து ஏன் கேட்பதில்லை?

சரி, அந்த 102 பைட்டை சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு அனுப்பினால் என்ன? இங்கேதான் மூன்று தடைகள் வருகின்றன.

ஒன்று, ரூட்டரின் மறதி. வீட்டுக்குள் எந்த ஐபி முகவரி எந்தக் கருவிக்குச் சொந்தம் என்று ரூட்டர் ஒரு சின்னப் பட்டியல் வைத்திருக்கும். நாஸ் பேசாமல் தூங்கிவிட்டால், கொஞ்ச நேரத்தில் பட்டியலிலிருந்து அதன் பெயர் போய்விடும். அதன் பிறகு வெளியிலிருந்து பாக்கெட் வந்தாலும், "இது யாருக்கு?" என்று ரூட்டருக்குத் தெரியாது. 'போர்ட் திறந்த அன்னைக்கு வேலை செஞ்சுது, மறுநாள் செய்யலை' என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இரண்டு, கூட்டமாகக் கூப்பிட அனுமதி இல்லை. யாருக்கு என்று தெரியாவிட்டால் வீட்டில் உள்ள எல்லாருக்கும் கேட்கும்படி கத்தலாம். அதற்கு பிராட்காஸ்ட் என்று பெயர். ஆனால் வெளியிலிருந்து வரும் பிராட்காஸ்ட்டை ரூட்டர்கள் உள்ளே விடுவதில்லை. 1990-களின் கடைசியில் இதே வழியை வைத்து நெட்வொர்க்குகளை முடக்கும் தாக்குதல்கள் நடந்தன. அதனால் 1999-ல் இணையத் தரநிலையே மாற்றப்பட்டு, இந்தக் கதவு இயல்பாகவே மூடப்பட்டது. சரியான முடிவுதான்.

மூன்று, உங்கள் வீட்டுக்கே சொந்தமாக ஒரு முகவரி இல்லாமல் இருக்கலாம். ஐபிவி4 முறையில் உலகத்துக்கே சுமார் 430 கோடி முகவரிகள்தான். பற்றாக்குறையைச் சமாளிக்க, இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. நூறு வீடுள்ள அபார்ட்மென்ட்டுக்கு ஒரே கதவு எண் மாதிரி. உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து 'இந்த வீடு' என்று குறிப்பிட்டு வர முடியாது. கண்டுபிடிப்பது சுலபம்: ரூட்டரின் வேன் பக்கத்தில் காட்டும் ஐபி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்கள் அந்த அபார்ட்மென்ட்டில்தான் இருக்கிறீர்கள். அங்கே நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை.

அப்போ தூங்கவே விடாமல் வைத்தால்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு டிஸ்க் போடும் சாதாரண நாஸ் வேலை செய்யும்போது சுமார் 15 வாட் இழுக்கும். டிஸ்க் மட்டும் தூங்கினால் சுமார் 5 வாட்.

24 மணி நேரமும் 15 வாட் ஓடினால், நம்ம ஊர் இரண்டு மாத ஈபி கணக்கில் 21.6 யூனிட். தினம் 4 மணி நேரம் மட்டும் வேலை செய்து, மீதி 20 மணி நேரம் டிஸ்க் தூங்கினால் 9.6 யூனிட். வித்தியாசம் 12 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு 96 ரூபாய்.

இந்தக் கணக்கிலிருந்தே முதல் முடிவு கிடைக்கிறது. சின்ன நாஸ் வைத்திருப்பவர்கள் முழுத் தூக்கத்தை அணைத்துவிடலாம். டிஸ்க் தூக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். டிஸ்க் ஓய்வெடுக்கும், சூடும் சத்தமும் குறையும், மூளை மட்டும் விழித்திருக்கும். இதற்காக ஆகும் கூடுதல் மின்சாரம் ஒரு டீ செலவு கணக்குதான்.

ஆனால் பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரையே நாஸாக மாற்றி வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அது சும்மா இருக்கும்போதே 50 வாட் இழுத்தால், அந்த 20 மணி நேரச் சும்மா இருப்புக்கு மட்டும் இரண்டு மாதத்தில் 60 யூனிட் போய்விடும். அங்கே முழுத் தூக்கம் அவசியம். அப்போதுதான் எழுப்புவதற்கு ஆள் தேவை.

கதவைத் திறந்து போட்டவர்களுக்கு என்ன ஆனது?

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது நானும் அந்தத் தப்பைச் செய்தேன். எங்கள் இணைப்பில் பொது முகவரி இருந்ததால் போர்ட் திறந்தது. சென்னை திரும்பியதும் ஆப் அருமையாக வேலை செய்தது. இரண்டே நாளில் லாகின் பதிவுகளைப் பார்த்தால், 'அட்மின்' என்ற பெயரில் முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து வரிசையாகத் தோல்வியடைந்த முயற்சிகள். யாரும் என்னைக் குறிவைக்கவில்லை. திறந்திருக்கும் கதவுகளைத் தட்டிப் பார்ப்பதற்கென்றே இணையத்தில் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. அன்றைக்கே போர்ட்டை மூடினேன்.

நான் தப்பித்தேன். எல்லோரும் தப்பிக்கவில்லை. 2021 ஏப்ரலில் 'கியூலாக்கர்' என்ற ரான்சம்வேர், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநேப் நாஸ்களுக்குள் புகுந்து, கோப்புகளை 7-ஜிப் மூலம் பூட்டி, சாவிக்கு 0.01 பிட்காயின் கேட்டது. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' வந்தது. கேட்ட தொகை 0.03 பிட்காயின். அப்போது கியூநேப் நிறுவனமே பயனர்களிடம் சொன்னது என்ன தெரியுமா? ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை அணையுங்கள், நாஸில் யூபிஎன்பி வசதியை அணையுங்கள் என்று.

2021 ஜூனில் நடந்தது இன்னும் கொடுமை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' டிஸ்க்குகளை வைத்திருந்த பலர் ஒரு நாள் எழுந்து பார்த்தபோது, எல்லாம் ஃபேக்டரி ரீசெட் ஆகி, டேட்டா மொத்தமும் காலி. பணம்கூட யாரும் கேட்கவில்லை. அந்தக் கருவிக்குக் கடைசியாக அப்டேட் வந்தது 2015-ல்.

'அப்போ கம்பெனியோட கிளவுட் ஆப் வழியா போனா சேஃப்தானே?' ஓரளவுக்கு. ஆனால் 2023 ஏப்ரல் தொடக்கத்தில் அதே நிறுவனத்தின் மை கிளவுட் சேவை, நெட்வொர்க் ஊடுருவல் ஒன்றைத் தொடர்ந்து பல நாள்கள் முடங்கியது. டிஸ்க் வீட்டிலேயே இருந்தும், வெளியிலிருந்து அதைத் தொட முடியாமல் தவித்தார்கள். சாவி இன்னொருவர் கையில் இருந்தால் இதுதான் நிலை.

விழித்திருக்க வேண்டியது யார்?

இப்போது மையமான கேள்விக்கு வருவோம். வீட்டில் 24 மணி நேரமும் ஏற்கெனவே விழித்திருக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. அதுதான் ரூட்டர். நாஸை எழுப்பும் வேலை ஏன் அதனுடையதாக இருக்கக் கூடாது?

இது புதுக் கனவு இல்லை. ஆப்பிள் 2009-லேயே ஸ்னோ லெப்பர்ட் காலத்தில் இதைச் செய்து காட்டியது. மேக் தூங்கப் போகும் முன் வீட்டிலுள்ள ஏர்போர்ட் ரூட்டரிடம் சொல்லிவிட்டுப் போகும். யாராவது மேக்கைத் தேடி வந்தால், அதன் சார்பில் ரூட்டர் பதில் சொல்லி, மேக்கை எழுப்பிவிடும். 2010-ல் ஈசிஎம்ஏ அமைப்பு, தூங்கும் கருவிகளுக்குப் பதிலாள் வைப்பதற்கு ஒரு பொதுத் தரநிலையையே வெளியிட்டது. ஆனால் ஆப்பிள் 2018-ல் ஏர்போர்ட் ரூட்டர்களையே நிறுத்திவிட்டது.

ஜெர்மனியில் பரவலாகப் பயன்படும் ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரூட்டரில், தூங்கும் கம்ப்யூட்டரை எழுப்பும் பட்டனும் இருக்கிறது, வயர்கார்டு விபிஎன் வசதியும் இருக்கிறது. வெளியூரிலிருந்து விபிஎன் வழியாக வீட்டுக்குள் நுழை, பட்டனைத் தட்டு, நாஸ் எழும். அவ்வளவுதான்.

நம் வீட்டுக்கு இணைப்போடு சேர்த்து வைத்துவிட்டுப் போகும் பெட்டிகளில் இந்த இரண்டு வசதிகளையும் நான் இதுவரை பார்த்ததில்லை. பல வீடுகளில் அட்மின் பாஸ்வேர்டே வாடிக்கையாளரிடம் இருப்பதில்லை. 'எத்தனை எம்பிபிஎஸ், எத்தனை ஓடிடி' என்று போட்டி போடும் இணைய நிறுவனங்கள், ரூட்டரில் ஒரு விபிஎன் ஸ்விட்ச்சும் ஒரு 'எழுப்பு' பட்டனும் வைத்துத் தரலாம். அந்த 102 பைட்டை அனுப்ப எந்த ரூட்டருக்கும் தெம்பு இருக்கிறது. இல்லாதது அக்கறை மட்டுமே. திறந்த போர்ட்களுக்கு வாடிக்கையாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாதுகாப்பான வழி கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் மக்கள் ஆபத்தான வழியில்தான் போவார்கள்.

நாஸ் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'இணைக்க முடியவில்லை' என்பதற்குப் பதில் 'டிஸ்க் எழுந்துகொண்டிருக்கிறது, அரை நிமிடம் பொறுங்கள்' என்று ஆப் சொன்னால் பாதி பேர் ரூட்டர் பக்கமே போக மாட்டார்கள்.

அதுவரைக்கும் நாம என்ன பண்ணலாம்?

1. தூக்கத்தைப் பிரித்து வையுங்கள். சின்ன நாஸ் என்றால் முழுத் தூக்கம் வேண்டாம், டிஸ்க் தூக்கம் போதும். அல்லது பவர் ஷெட்யூலில் 'காலை 7 முதல் இரவு 11 வரை விழித்திரு' என்று போட்டுவிடுங்கள். எளிய வழி, செலவும் இல்லை.

2. விபிஎன் வழியாக மட்டும் நுழையுங்கள். டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் தனிநபர்களுக்கு இலவசம். உங்கள் போன், வீட்டுக் கருவி இரண்டுமே உள்ளிருந்து வெளியே போய்ச் சந்தித்துக்கொள்வதால், போர்ட் திறக்க வேண்டியதில்லை. 'அபார்ட்மென்ட்' முகவரியிலும் வேலை செய்யும்.

3. விபிஎன்னை நாஸில் மட்டும் போடாதீர்கள். நிறைய பேர் சறுக்கும் இடம் இது. நாஸ் முழுத் தூக்கத்துக்குப் போனால் அதிலுள்ள விபிஎன்னும் தூங்கிவிடும். வாட்ச்மேனையும் வீட்டுக்காரரோடு சேர்த்துத் தூங்கவைத்த கதை. அதை ரூட்டரிலோ, ஓரிரு வாட்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை போன்ற குட்டி போர்டிலோ போடுங்கள்.

4. எழுப்பும் கட்டளையை வீட்டுக்குள்ளிருந்தே கொடுங்கள். டெயில்ஸ்கேல் பிராட்காஸ்ட்டைச் சுமந்து செல்லாது. அதனால் போனிலிருந்து நேரடியாக மேஜிக் பாக்கெட் அனுப்பினால் போய்ச் சேராது. போனிலிருந்து அந்தக் குட்டி போர்டுக்குள் நுழைந்து, அதைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதற்கு நாஸின் மேக் முகவரி வேண்டும். இப்போதே குறித்து வையுங்கள். நாஸில் வேக்-ஆன்-லேன் ஆன் ஆகியிருக்க வேண்டும். வைஃபை வேண்டாம், கேபிள் இணைப்பே நம்பகமானது.

5. கரன்ட் கட்டை மறக்காதீர்கள். மின்சாரம் போய் வந்த பிறகு சில கருவிகள் மேஜிக் பாக்கெட்டைக் காதிலேயே வாங்காது. 'மின்சாரம் வந்ததும் தானாக ஆன் ஆகு' என்ற செட்டிங்கைப் போட்டுவிடுங்கள். ரூட்டருக்கும் குட்டி போர்டுக்கும் ஒரு மினி யூபிஎஸ் நல்லது.

6. ஊருக்குக் கிளம்பும் முன் சோதித்துப் பாருங்கள். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் நாஸைத் தூங்கவைத்து, எழுப்பிப் பாருங்கள். வாசலில் நின்று செய்யும் இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும்.

கடைசியாக ஒன்று

இப்போது எங்கள் வீட்டில் ரூட்டருக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு போர்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாஸ் தூங்குகிறது, நான் கூப்பிட்டால் அந்த போர்டு எழுப்புகிறது. இணையத்தின் பக்கம் ஒரு போர்ட்கூடத் திறந்திருக்கவில்லை.

ஆனாலும், இதைச் செய்து முடித்த அன்றைக்கே இன்னொரு வேலையும் செய்தேன். அப்பாவின் முக்கியமான ரிப்போர்ட்கள் மொத்தம் இருபது பக்கம்கூட வராது. அவற்றை ஒரே பிடிஎஃப் ஆக்கி அப்பா போனிலேயே போட்டுக் கொடுத்துவிட்டேன். டாக்டர் அறையில் உட்கார்ந்திருக்கும்போது தேவைப்படும் கோப்பு, இன்னொரு ஊரில் இருக்கும் ஒரு பெட்டியின் தூக்கத்தை நம்பி இருக்கக் கூடாது. அதற்கு எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம். இன்று இரவு உங்கள் அப்பா, அம்மாவிடம் பேசும்போது கேளுங்கள்: "ரிப்போர்ட் எல்லாம் எங்க இருக்கு?"